ஓட்டை பொருந்தியது, வீல் ஏறவில்லை: பழைய பிக்கப்புக்கு வீல் தேடும் வழி

டல்லாஸிலிருந்து இரண்டரை மணி நேரம் ஓட்டிப் போய் நான்கு வீல் வாங்கி வந்தேன். ஜீப் ராங்ளர் ஜேகேயிலிருந்து கழற்றிய அலாய் வீல்கள், ஒரு கீறல்கூட இல்லை. என்னுடையது 1972 செவ்ரோலே சி10 பிக்கப். ஜீப்புக்கும் ஐந்து போல்ட், என் வண்டிக்கும் ஐந்து போல்ட். இரண்டிலும் போல்ட் வட்டம், அதாவது போல்ட்டுகள் நிற்கும் வட்டத்தின் விட்டம், 127 மி.மீ. அப்புறம் என்ன யோசனை என்று பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

வீட்டு வாசலில் ஜாக்கி போட்டு, முன் வீலைக் கழற்றி, புதியதைத் தூக்கி வைத்தேன். ஐந்து போல்ட்டும் ஐந்து ஓட்டைக்குள் வழுக்கிக்கொண்டு போயின. பாதி வழியில் டக்கென்று ஒரு சத்தம், அதோடு நின்றுவிட்டது. வீலுக்கும் பிரேக் ரோட்டருக்கும் நடுவே என் சுண்டுவிரல் நுழைந்தது. குனிந்து பார்த்தால் வீலின் நடு ஓட்டை ஹப்பின், அதாவது வண்டியில் வீல் உட்காரும் குடத்தின், கழுத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது. ராங்ளர் வீலின் நடு ஓட்டை 71.5 மி.மீ. என் வண்டிக்குச் சுமார் 78 வேண்டும். வாங்கும்போது நான் அதை அளக்கவே இல்லை.

பழைய அமெரிக்க பிக்கப் வாங்கி, அதற்கு வீல் தேடுகிறவர்கள் முதலில் செய்யும் தப்பு இதுதான்: போல்ட் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு மற்றதை விட்டுவிடுவது. ஒரு வீல் ஒரு வண்டியில் உட்கார ஐந்தாறு அளவுகள் ஒத்துவர வேண்டும். ஒன்று பிசகினாலும் வீல் ஏறாது. அதைவிட மோசம், ஏறிவிட்டு ஓடும்போது காட்டிக்கொடுப்பது. நான் சி10ஐ வைத்தே சொல்கிறேன், எனக்குத் தெரிந்த வண்டி அது. அளக்கும் முறை எல்லா வண்டிக்கும் ஒன்றுதான்.

முதலில் உங்கள் வண்டியைப் பாருங்கள்

செவ்ரோலே, ஜிஎம்சி இரண்டும் உள்ளே ஒரே வண்டி. அவற்றின் அரை டன் பிக்கப்புகளில் 1970 வரை ஆறு போல்ட், வட்டம் 5.5 இஞ்ச், அதாவது 139.7 மி.மீ. 1971ல் முன்பக்கம் டிஸ்க் பிரேக் வந்தது. அத்தோடு இருசக்கர இழுவை வண்டிகள் ஐந்து போல்ட்டுக்கு மாறின, வட்டம் 5 இஞ்ச், 127 மி.மீ. 1987ல் அந்த வரிசை முடியும்வரை அப்படியே இருந்தது. நான்கு சக்கர இழுவையுள்ள கே10 மட்டும் ஆறு போல்ட்டை விடவில்லை. முக்கால் டன் சி20 என்றால் எட்டு போல்ட், 6.5 இஞ்ச்.

ஃபோர்டுகாரர்களுக்கு இந்தக் குழப்பம் குறைவு. எஃப்-100 ஆரம்பித்த 1953 முதல் 1996 எஃப்-150 வரை ஐந்து போல்ட், 5.5 இஞ்ச்தான். வில்லிஸ் ஜீப்புக்கும் அதுவே அளவு. அந்த வழியில் வந்ததால் நம்மூர் மஹிந்திரா ஜீப்பிலும் அதே 139.7 மி.மீ. வட்டத்தைப் பார்க்கலாம். டாட்ஜ் டி100 ஐந்து போல்ட், 4.5 இஞ்ச்.

சரி, இதெல்லாம் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த அன்றைய கணக்கு. ஐம்பது வருடத்தில் அந்த வண்டி எத்தனை கை மாறியதோ, எத்தனை பேர் அதன் அடியில் படுத்து எதைக் கழற்றி எதை மாட்டினார்களோ. ட்ரம் பிரேக் பிடிக்கவில்லை என்று 1973க்குப் பிந்தைய வண்டியின் முன்பக்கத்தை முழுதாகக் கழற்றி 1966 வண்டியில் ஏற்றுவது இங்கே சர்வசாதாரணம். தெரிந்தவர் ஒருவர் அப்படியொரு வண்டியை வாங்கினார். முன்னால் ஐந்து போல்ட், பின்னால் ஆறு. மூடி போட்ட வீல் என்பதால் வெளியே தெரியவில்லை. இரண்டு மாதம் கழித்து டயர் மாற்றப் போன இடத்தில்தான் அவருக்கே தெரிந்தது. இன்னும் சிலர் கமாரோ காரின் முன் சேஸிஸையே ஒட்டியிருப்பார்கள். அங்கே ஐந்து போல்ட்தான், ஆனால் வட்டம் 4.75 இஞ்ச்.

அதனால் ஆண்டை நம்பாதீர்கள், விற்றவர் சொன்னதையும் நம்பாதீர்கள். நான்கு வீலையும் கழற்றி, நான்கு மூலையிலும் தனித்தனியாக அளந்து எழுதுங்கள். ஒரு சனிக்கிழமை காலை போதும்.

போல்ட் வட்டத்தை அளப்பது

எல்லா போல்ட்டின் நடுப்புள்ளி வழியாகவும் ஒரு வட்டம் போட்டால், அதன் விட்டம்தான் பிசிடி. ஆறு போல்ட்டும் எட்டு போல்ட்டும் சுலபம், எதிரெதிராக இருக்கும் இரண்டு போல்ட்டின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தால் விடை வந்துவிடும். ஐந்து போல்ட்டில் எதிரே போல்ட் இருக்காது. அங்கேதான் எல்லோரும் குத்துமதிப்பாக ஒன்றைச் சொல்லிவிடுகிறார்கள்.

குத்துமதிப்பு வேண்டாம். பக்கத்துப் பக்கத்து போல்ட் இரண்டின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து 1.701 ஆல் பெருக்குங்கள், வட்டம் கிடைத்துவிடும். பெருக்கவும் சோம்பலாக இருந்தால் இந்த நான்கு எண்களைத் துண்டுச் சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து போல்ட் தூரம் 67.2 மி.மீ. என்றால் 4.5 இஞ்ச் வட்டம். 70.9 என்றால் 4.75. 74.6 என்றால் 5. 82.1 என்றால் 5.5.

நடுப்புள்ளியைக் கண்ணால் பிடிப்பது கஷ்டம். ஒரு போல்ட்டின் இடது விளிம்பிலிருந்து அடுத்த போல்ட்டின் இடது விளிம்புக்கு அளங்கள், அதே கணக்குத்தான். மரத்தச்சர் டேப் இதற்கு ஆகாது. நுனிக் கொக்கி ஆடும், அதிலேயே ஒரு மி.மீ. போய்விடும். வெர்னியர் காலிபர் ஒன்று வாங்கிவிடுங்கள், பிளாஸ்டிக் ஆனாலும் பரவாயில்லை.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 4.75க்கும் 5க்கும் பக்கத்து போல்ட் தூரத்தில் வித்தியாசம் நான்கு மி.மீ.கூட இல்லை. செவ்ரோலேயின் ராலி வீல் என்று ஒன்று உண்டு, சாம்பல் நிற இரும்பு ரிம், விளிம்பில் பளபள வளையம், நடுவில் மூடி. கமாரோவுக்கும் செவெல்லுக்கும் வந்தது 4.75. பிக்கப்புக்கு வந்தது 5. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். கார் ராலி வீல்தான் சந்தையில் நிறையக் கிடக்கும், விற்பவரும் “பிக்கப்புக்கு நல்லாவே பொருந்தும்” என்பார். போல்ட் நுனி ஓட்டையில் நுழைவதுபோல் காட்டும். நட்டைப் போட்டு இறுக்கினால் உட்கார்ந்துவிடும் என்று நினைத்து யாராவது முயன்றால், போல்ட் வளையும், வீல் சாய்ந்து உட்காரும். பிறகு நெடுஞ்சாலையில் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

போல்ட்டும் நட்டும்

போல்ட்டின் தடிமனையும் மரையையும் பார்க்க வேண்டும். அந்தக் காலத்து செவ்ரோலே அரை டன்னில் 7/16 இஞ்ச் போல்ட், இஞ்சுக்கு 20 மரை. ஃபோர்டில் 1/2 இஞ்ச், அதே 20 மரை. 1988க்குப் பிறகு வந்த செவ்ரோலே பிக்கப்புகளில் 14 மி.மீ. போல்ட். அந்த வண்டியின் வீலை எடுத்து 7/16 போல்ட்டில் மாட்டினால் ஓட்டை பெரியதாகவும் போல்ட் ஒல்லியாகவும் இருக்கும். சாதாரண நட்டின் கூம்பு அந்தப் பெரிய ஓட்டையில் முழுதாகப் பதியாது. அதற்கென்று அடிப்பக்கம் புடைத்த நட்டு விற்கிறார்கள், அதைத்தான் வாங்க வேண்டும்.

நட்டின் முகத்தையும் கவனியுங்கள். இரும்பு ரிம்முக்குப் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு. சில அலாய் வீலுக்கு உருண்டை முகம். மேக் வீல் என்ற அந்தக் கால அலாய் வீலுக்கு நேரான குழாய் மாதிரி கழுத்தும் கீழே வாஷரும். கூம்பு நட்டை உருண்டைப் பள்ளத்தில் போட்டால் ஒரு மெல்லிய கோட்டில் மட்டும்தான் பிடிக்கும். இறுக்கமாக இருப்பதுபோலத் தோன்றும், கொஞ்ச தூரத்தில் தளரும்.

பழைய கடை வீல்களில் போல்ட் ஓட்டை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருந்தால் அது யூனிலக். ஒரே வீலைப் பல வண்டிக்கு விற்க அப்படிச் செய்தார்கள். 1964ல் வந்த கிரேகர் எஸ்எஸ் வீலிலும் இந்த வகை உண்டு. அதற்கு ஓட்டை நடு தள்ளிய தனி வாஷர் வேண்டும். வாஷர் இல்லாமல் வெறும் வீல் மட்டும் கிடைத்தால் நான் தொடமாட்டேன்.

டாட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1970 வாக்குவரை கிரைஸ்லர் குடும்பத்து வண்டிகளில் ஓட்டுநர் பக்க வீல்களுக்கு இடது மரை. வில்லிஸ் ஜீப்பிலும் அப்படித்தான். நட்டு வரவில்லையே என்று வீல் ஸ்பானரில் ஏறி நின்று மிதித்து, கழற்றுவதாக நினைத்து மேலும் இறுக்கி, கடைசியில் போல்ட்டை முறித்தவர்கள் ஏராளம். போல்ட் நுனியில் எல் என்ற ஆங்கில எழுத்து குத்தியிருக்கிறதா என்று முதலில் துடைத்துப் பாருங்கள்.

நடு ஓட்டை

என் பணத்தைத் தின்றது இதுதான், ஆனால் சொல்ல அதிகமில்லை. வண்டியில் ஹப்பின் கழுத்தை வெர்னியரில் அளங்கள், வீலின் நடு ஓட்டை அதைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். பெரியதாக இருப்பதில் தவறில்லை, இந்தப் பழைய வண்டிகளில் வீலை நடுவில் நிறுத்துவது கூம்பு நட்டுகள்தான். ஃபோர்டுகாரர்களும் இதே குழியில் விழுவார்கள். 2002 முதல் 2018 வரை வந்த ராம் 1500 வீல் ஐந்து போல்ட், 5.5 இஞ்ச், எஃப்-100க்கு அப்படியே பொருந்தும்போல் இருக்கும். ராம் வீலின் நடு ஓட்டை 77.8 மி.மீ., ஃபோர்டு எஃப்-150 வீலில் அது 87.1. நான்கு சக்கர இழுவை வண்டி என்றால் முன் ஹப்பில் லாக்கிங் ஹப் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதற்கு 108 மி.மீ. ஓட்டையுள்ள வீல்களைத் தேட வேண்டும்.

லேத் பட்டறையில் கொடுத்து நடு ஓட்டையைக் கடைந்து பெரிதாக்கலாமே என்பீர்கள். நானும் விசாரித்தேன். அங்கிருந்த பெரியவர் வீலைத் திருப்பிப் போட்டு ஒரு ஸ்கேலை வைத்துக் காட்டினார். ஓட்டையைப் பெரிதாக்கினாலும் அது என் வண்டிக்கு ஆகாது என்று அப்போதுதான் புரிந்தது. அதுதான் அடுத்த விஷயம்.

பேக்ஸ்பேசிங்

வீலை முகம் கீழே இருக்கும்படி தரையில் கவிழ்த்து வையுங்கள். பின்பக்க விளிம்பின் மேல் குறுக்கே ஒரு நேரான கட்டையை வையுங்கள். கட்டையின் அடியிலிருந்து, ஹப்பில் போய் ஒட்டும் தட்டையான முகம் வரைக்கும் எத்தனை இஞ்ச் என்று அளங்கள். அதுதான் பேக்ஸ்பேசிங். அந்த எண் கூடக் கூட வீல் வண்டிக்குள்ளே போகும், குறையக் குறைய வெளியே தள்ளும்.

புதிய வீல்களில் இதையே ஆஃப்செட் என்று மி.மீ.யில் போட்டிருப்பார்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக ஒரு சின்னக் கணக்கு. 15க்கு 8 வீல் என்றால் 15 இஞ்ச் விட்டம், 8 இஞ்ச் என்பது டயர் உட்காரும் உள் அகலம். இரண்டு பக்க உதட்டையும் சேர்த்தால் மொத்தம் சுமார் 9. அதில் பாதி 4.5. பேக்ஸ்பேசிங் 4 இஞ்ச் என்றால் அரை இஞ்ச் குறைவு, அதாவது ஆஃப்செட் மைனஸ் 12 மி.மீ. வாக்கில். இந்த 15க்கு 8, 4 இஞ்ச் பேக்ஸ்பேசிங் என்ற அளவுதான் சி10காரர்கள் அதிகம் போடுவது, என் வண்டியிலும் இப்போது அதுதான் இருக்கிறது.

ராங்ளர் வீலுக்கு இதே கணக்கைப் போடுங்கள். 17க்கு 7.5, ஆஃப்செட் பிளஸ் 44. மொத்த அகலம் 8.5, பாதி 4.25, அதோடு 44 மி.மீ.க்கு ஒன்றே முக்கால் இஞ்ச் கூட்டினால் 6 இஞ்ச். என் வண்டிக்கு வேண்டியதைவிட 2 இஞ்ச் உள்ளே. பட்டறைப் பெரியவர் ஸ்கேல் வைத்துக் காட்டியது இதைத்தான். இன்றைய வண்டிகளின் வீல்கள் பெரும்பாலும் இப்படி உள்ளே ஆழமாக இருக்கும். ஆறு போல்ட் சி10க்கு 1999க்குப் பிந்தைய சில்வராடோ வீல் மாட்டலாமா என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். போல்ட் வட்டம் ஒத்துப்போகும், ஆஃப்செட் பிளஸ் பக்கம் நிற்கும்.

வண்டியில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? இப்போது ஏறி நிற்கும் வீலைக் கழற்றுமுன், டயரின் உள் சுவருக்கும் பக்கத்திலிருக்கும் சேஸிஸ், பட்டை, பிரேக் குழாய் எதுவானாலும் அதற்கும் எத்தனை இடைவெளி என்று அளந்துகொள்ளுங்கள். வெளிச்சுவருக்கும் ஃபெண்டர் (மட்கார்டு) உதட்டுக்கும் அதேபோல். பின்பு கழற்றிய வீலின் பேக்ஸ்பேசிங்கை அளங்கள். புதிய வீல் எவ்வளவு உள்ளே, எவ்வளவு வெளியே போகும் என்பது வெறும் கூட்டல் கழித்தல். முன் வீலுக்கு மட்டும் ஸ்டீயரிங்கை இடது கோடி, வலது கோடி இரண்டுக்கும் திருப்பி அளக்க வேண்டும். வண்டி தரையில் நிற்கும்போது அளங்கள், ஜாக்கியில் தொங்கும்போது அளந்தால் எண் பொய் சொல்லும்.

வெளியே அதிகம் தள்ளுவதும் நல்லதில்லை. பார்க்க மிடுக்காக இருக்கும், ஸ்டீயரிங் கனக்கும், வீல் பேரிங்குக்கு வேலை கூடும். கல் எல்லாம் கதவில் தெறிக்கும். அளவு பொருந்தாத வீலுக்கு நடுவே ஸ்பேசரோ, ஆறை ஐந்தாக மாற்றும் அடாப்டரோ போடச் சொல்வார்கள். மலிவான வார்ப்பு அடாப்டரை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அந்தப் பணத்தைச் சேர்த்துவைத்து முன்னும் பின்னும் ஐந்து போல்ட்டாக மாற்றிவிடுவது நிம்மதி.

இன்னொன்று. ட்ரம் பிரேக் காலத்து ரிம்மை டிஸ்க் பிரேக் வண்டியில் மாட்டினால் பல சமயம் பிரேக் காலிபர் ரிம்மின் உள் சுவரில் உரசும். 15 இஞ்ச் ரிம் எல்லாம் ஒன்றில்லை, உள்ளே வளைந்திருக்கும் விதம் வேறு. மாட்டிக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

தொடவே கூடாத இரண்டு

பழைய ஒரு டன், ஒன்றரை டன் வண்டிகளில் துண்டு ரிம் வரும். ரிம் ஒரே தகடாக இருக்காது, வளையம் தனியாக இருக்கும். காற்றழுத்தம்தான் அதைப் பிடித்துவைத்திருக்கும். அதில் மிக மோசமானது ஃபயர்ஸ்டோன் ஆர்ஹெச்5 என்ற வகை. இரண்டு துண்டும் ரிம்மின் நடுவில், டயருக்கு உள்ளே கொக்கி போட்டுச் சேரும். சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்க்கவே முடியாது. துரு ஏறியிருந்தால் காற்றடிக்கும்போது வளையம் பீரங்கிக் குண்டு மாதிரி பறக்கும். அமெரிக்க மெக்கானிக்குகள் இதற்கு வைத்த பெயர் விதவையாக்கி. ஆட்கள் செத்திருக்கிறார்கள், பெயர் சும்மா வரவில்லை. துண்டு ரிம் பராமரிப்புக்கென்று 1980ல் அமெரிக்க அரசின் தொழிலாளர் பாதுகாப்புத் துறை தனி விதியே கொண்டுவந்தது, கூண்டுக்குள் வைத்துத்தான் காற்றடிக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. ரிம்மைச் சுற்றி ஒரு கோடோ இடுக்கோ ஓடுவது தெரிந்தால் காற்றை இறக்காமல், கழற்றாமல், தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். பெரும்பாலான டயர் கடைகள் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடும்.

இரண்டாவது 16.5 இஞ்ச் ரிம். முக்கால் டன் வண்டிகளில் நிறைய வந்தது. அதன் டயர் உட்காரும் சரிவு 15 டிகிரி, 16 இஞ்ச் ரிம்மில் 5 டிகிரி. 16.5க்கு டயர் கிடைப்பது இன்று அரிது என்பதால் யாராவது 16 இஞ்ச் டயரை அதில் ஏற்றப் பார்ப்பார்கள். ஏறிவிடும் என்பதுதான் ஆபத்து. காற்றடிக்கும்போது டயரின் உள் கம்பி அறுந்து வெடிக்கும். ரிம்மில் குத்தியிருக்கும் அளவில் அந்த அரை இஞ்சைத் தேடிப் படியுங்கள். சி20 வாங்கியவர்கள் நல்ல 16 இஞ்ச், எட்டு போல்ட் ரிம்முக்கு மாறிவிடுங்கள்.

எங்கே தேடுவது

என் முதல் யோசனை எப்போதும் காயலான் கடைதான். இங்கே நாமே ஸ்பானரோடு உள்ளே போய்க் கழற்றிக்கொள்ளும் பெரிய யார்டுகள் இருக்கின்றன. ஐந்து போல்ட் சி10க்கு அங்கே உறவினர் பலர்: 1971 முதல் வந்த செவ்ரோலே ஜி10, ஜி20 வேன்கள், 1988 முதல் 1998 வரையிலான இருசக்கர இழுவை சி1500, 2002 வரையிலான ஆஸ்ட்ரோ வேன். எல்லாம் 127 மி.மீ. வட்டம். வேன் ரிம்மை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அதனால் விலையும் குறைவு. ஆனால் அகலமும் பேக்ஸ்பேசிங்கும் ஒவ்வொன்றிலும் மாறும், அங்கேயே அளந்துவிட வேண்டும். எஃப்-100காரர்களுக்கு 1996 வரையிலான எஃப்-150, பிராங்கோ இரண்டும் நல்ல சுரங்கம்.

அடுத்தது ஸ்வாப் மீட், அதாவது பழைய வண்டி உதிரிபாகச் சந்தை. டெக்சாஸில் பேட், கலிபோர்னியாவில் பொமோனா, பென்சில்வேனியாவில் கார்லைலும் அக்டோபரில் ஹெர்ஷியும். விடியற்காலையில் டார்ச்சோடு போகிறவர்களுக்கு நல்ல சரக்கு. மதியத்துக்கு மேல் போகிறவர்களுக்கு நல்ல விலை, சுமந்துகொண்டு திரும்பிப் போக யாருக்கும் மனம் வராது. பையில் வெர்னியர், நேரான கட்டை, அந்தத் துண்டுச் சீட்டு, கம்பித் தூரிகை, உங்கள் வண்டியின் வீல் நட்டு ஒன்று. நட்டை எடுத்துப் போவது பலருக்குத் தோன்றாது. ஓட்டையில் வைத்துப் பார்த்தால் கூம்பு உட்காருகிறதா என்று அங்கேயே தெரியும்.

புதிதாகவே வாங்கலாம் என்றால் பழைய வடிவத்திலேயே இரும்பு ரிம் இன்றும் செய்கிறார்கள், பேக்ஸ்பேசிங்கை நாமே தேர்ந்தெடுக்கலாம். பளபளக்கும் பெரிய அலாயைவிட வண்டி நிறத்தில் பெயின்ட் அடித்த இரும்பு ரிம்மும் சின்ன மூடியும்தான் இந்த வண்டிகளுக்கு அழகு என்பது என் கட்சி. மூடி வேண்டுமென்றால் ரிம்மில் அதைப் பிடிக்கும் கொக்கிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

கையில் எடுத்துப் பார்ப்பது

பழைய ரிம் கிடைத்ததும் முதலில் போல்ட் ஓட்டைகளைச் சுற்றித் தேயுங்கள். மயிரிழை விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும். ஓட்டை நீண்டிருந்தாலோ, கூம்பு தேய்ந்து விளிம்பு கூராக இருந்தாலோ முந்தைய ஆள் நட்டு தளர்ந்த வண்டியை ஓட்டியிருக்கிறார் என்று பொருள். விட்டுவிடுங்கள். டயர் உட்காரும் இடத்தில் துரு மேலோட்டமாக இருந்தால் மணல் வீசிச் சுத்தம் செய்யலாம், குழி விழுந்திருந்தால் காற்று நிற்காது. ரிவெட் அடித்த மிகப் பழைய ரிம் என்றால் ரிவெட் வழியே காற்று கசியும், உள்ளே ட்யூப் போட்டால்தான் ஓடும்.

கோணல் பார்க்க ஒரு எளிய வழி. வண்டியின் பின் ஹப்பில் மாட்டி, பக்கத்தில் ஒரு ஸ்டாண்டில் பென்சிலைக் கட்டி ரிம் உதட்டுக்கு அருகில் வைத்துச் சுற்றுங்கள். பென்சில் நுனிக்கும் ரிம்முக்கும் நடுவே இடைவெளி விரிந்து சுருங்குவது கண்ணுக்கே தெரிந்தால் அந்த ரிம் ஸ்டெப்னிக்குக்கூட வேண்டாம்.

பெயின்ட் அடிக்கும்போது ஹப்பில் ஒட்டும் முகத்திலும் நட்டு உட்காரும் கூம்பிலும் தடிமனாக அடிக்காதீர்கள். பவுடர் கோட்டிங் செய்பவரிடம் அதைச் சொல்லி மறைக்கச் சொல்லுங்கள். அந்தப் பூச்சு ஓட ஓட நசுங்கும், நட்டு தளரும்.

சுமையும் டயரும்

கார் வீல் பிக்கப்பில் ஏறும் என்பதற்காகச் சுமை தாங்கும் என்று அர்த்தமில்லை. பின் ஆக்ஸில் 3,500 பவுண்டு தாங்கும் வண்டி என்றால் ஒவ்வொரு பின் வீலும் குறைந்தது 1,750 பவுண்டு தாங்க வேண்டும். வீலின் பின்பக்கம் அந்த எண் குத்தியிருக்கும், இல்லையென்றால் விற்கும் நிறுவனத்திடம் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காபி குடிக்கப் போகிற வண்டிதானே என்று விட்டுவிடாதீர்கள். பிக்கப் வைத்திருப்பவரிடம் வீடு மாற்ற, மண் அள்ள உதவி கேட்காத நண்பர் யாராவது உண்டா?

பழைய கையேட்டில் ஜி78-15, எல்78-15 என்றெல்லாம் டயர் அளவு போட்டிருக்கும். ஜி78-15 என்பது இன்றைய 215/75 ஆர்15க்கு அருகில், ஹெச்78-15 என்பது 225/75 ஆர்15, எல்78-15 என்பது 235/75 ஆர்15. வீலோடு டயரும் சேர்த்து விற்றால் டயரின் பக்கச் சுவரில் டாட் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2319 என்றால் 2019ல் 23ஆவது வாரம். மூன்றே இலக்கம் இருந்தால் 2000க்கு முந்தையது, பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அதற்கு ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள்.

மாட்டுவது

டயர் ஏற்றுவதற்கு முன் வெறும் ரிம்மை நான்கு மூலையிலும் மாட்டிச் சுற்றிப் பாருங்கள். டயர் ஏறிவிட்ட வீலைத் திருப்பிக் கொடுக்க முடியாது. ஹப் முகத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, எல்லா நட்டையும் முதலில் கையால் போடுங்கள். மரை சுத்தமாக இருந்தால் கையாலேயே கடைசிவரை வரும். அப்புறம் நட்சத்திர வரிசையில், ஒன்றைவிட்டு ஒன்றாக இறுக்குங்கள். இரும்பு ரிம், 7/16 போல்ட் என்றால் பொதுவாக 70 முதல் 80 அடி-பவுண்டு. 1/2 இஞ்சுக்கு 75 முதல் 85. உங்கள் வண்டியின் கையேடு வேறு சொன்னால் கையேடு சொல்வதே சரி. டயர் கடையில் காற்றுத் துப்பாக்கியால் டர்ர்ரென்று இறுக்க வந்தால் தடுத்துவிடுங்கள். ஒல்லியான 7/16 போல்ட் அதைத் தாங்காது, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சோடு நீங்களே செய்யுங்கள். 50 மைல் ஓடியபின் மறுபடி ஒருமுறை.

நான்கு வீலும் மாட்டி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, வண்டிக்கு அடியில் துரு ஏறிக் கிடந்த ஸ்டெப்னியையும் சும்மா இறக்கிப் பார்த்தேன். மண்ணைத் தட்டிவிட்டு எண்ணினேன், ஆறு ஓட்டை. இத்தனை வருடம் ஐந்து போல்ட் வண்டி ஆறு ஓட்டை ஸ்டெப்னியைச் சுமந்துகொண்டு ஊர் சுற்றியிருக்கிறது. ஐந்தாவது வீலையும் சேர்த்தே தேடுங்கள், அதையும் ஒருமுறை வீட்டிலேயே மாட்டிப் பார்த்துவிட்டு அடியில் தொங்கவிடுங்கள்.